வரை

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த ஸ்பீட் டெஸ்ட் வட்டமும் முள்ளும் மறுபடி கிளம்பிவிட்டன. விடியற்காலை ஐந்து மணிக்கு, ஊரே தூங்கும்போது, மொட்டைமாடியில் ஏறி டவரைப் பார்த்து நின்று எடுத்த '642 எம்பிபிஎஸ்'. தமிழில் எழுதினால் அது வேகமா, டாக்டர் படிப்பா என்று தெரிவதில்லை. போட்டவரின் பெருமிதம் என்னவோ மகன் டாக்டரானது போலத்தான் இருக்கிறது. போன வாரத்திலிருந்து கீழே ஒரு வரி கூடியிருக்கிறது: '5ஜிக்கே இப்படின்னா, 6ஜி வந்தா?' வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் விளம்பரங்களில் வரும் 'வரை' என்ற சொல்லைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை ஏலம் போன சூட்டோடு, 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியது. அதற்கு இலக்கணம் வகுத்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இரண்டு எண்களைக் கொடுத்திருக்கிறது. உச்ச வேகம் நொடிக்கு 20 ஜிகாபிட். நெரிசலான நகரத்தில் சாதாரண ஆளுக்குக் கிடைக்கவேண்டியது 100 மெகாபிட். முதல் எண்ணுக்குப் பின்னால்தான் 'வரை' நிற்கிறது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஜிகாபிட்டைக் கிலோமீட்டராக வைத்துக்கொண்டால், கன்னியாகுமரிக்கு டிக்கெட் வாங்கியவரை 100 மீட்டரில் இறக்கிவிடலாம், இலக்கணம் வழுவாமல். கேட்டால் கண்டக்டர் சொல்வார்: "அண்ணாச்சி, கன்னியாகுமரி வரைன்னுதானே டிக்கெட் குடுத்தேன்? இந்த எடமும் அதுக்குள்ளதானே கெடக்கு?" நம் 642காரர் 642 மீட்டர் போயிருக்கிறார்; வழியிலிருக்கும் மணிமேடைகூட வந்திருக்காது. அதுவும் பஸ்ஸில் வேறு ஆளில்லாத நேரத்தில். ஒரு டவரின் கொள்ளளவை அதன் கீழே உள்ள அத்தனை போனும் பங்கு போட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் ஏறினால் வண்டி ஸ்டாண்டு வாசலைத் தாண்டாது. ஆனால் நெற்றியில் 'கன்னியாகுமரி' என்று போர்டு இருக்கும். 4ஜியின் தோளில் சாய்ந்து நடக்கும் வகை 5ஜியில், தரவு 4ஜி வழியே போகும்போதும் போன் மூலையில் '5ஜி' எரிவதுபோல. திரும்பி வரும் பஸ் இன்னும் மோசம். டவரின் நேரத்தில் பெரும்பங்கைப் பதிவிறக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிவேற்றத்துக்கு மிச்சத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். முக்கடல் சங்கமத்தில் சூரியன் உதித்து உச்சிக்கு வந்த பிறகும் வீடியோ ஏறாமல் வட்டமடிப்பது அதனால்தான். ஒரு மில்லிசெகண்டில் பதில் வரும் என்ற பேச்சும் உண்டு. சர்வர் சென்னையில் இருந்தால் 700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர 7 மில்லிசெகண்ட். ஒளியை அதட்டிப் பிரயோஜனமில்லை.

இதற்கு மறுப்பு இருக்கிறது, நியாயமான மறுப்புதான். காற்றில் வரும் சரக்குக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. பெருவேகம் தருவது 3300 மெகாஹெர்ட்ஸ் அலை, அது ரப்பர் இலையிலும் கான்கிரீட் சுவரிலும் தேய்ந்துபோகும் என்பார்கள். உண்மை. 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அதன் பாதை குறுகல். பழந்தமிழில் வரை என்றால் மலை. மலை அலையை மறித்து நிற்கும் கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் அந்தப் பொருளில் விளம்பரம் அப்பட்டமான உண்மை. ஆனால் உத்தரவாதம் தரமுடியாத சரக்குக்கு உச்ச எண்ணை மட்டும் தட்டிபோர்டில் ஆளுயரத்துக்கு எழுத எப்படி முடிகிறது? தக்கலையில், வீட்டுக்குள், ராத்திரி எட்டு மணிக்கு வழக்கமாக இவ்வளவு வரும் என்று எழுத எந்த இயற்பியலும் தடுக்கவில்லை. அரசு இலக்கணத்தில் 'குறைந்தது' என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது: குறைந்தது 2 மெகாபிட் வந்தால் அது பிராட்பேண்ட், 2023 முதல். அதற்கு முன் 512 கிலோபிட்.

முன்பு அரை மெகாபிட்டுக்கு மரமேறிய ஊர், இப்போது குறைசொல்கிறதா என்று இன்னொரு கட்சி. சரி, அவ்வளவு வேகத்தையும் வைத்து என்ன செய்கிறோம்? 4கே படத்துக்கே 25 மெகாபிட் தாராளம். மீதி அறுநூற்றுச் சொச்சமும் முள்ளை ஓட்டத்தான். 500 மெகாபிட்டில் பத்து விநாடி ஓடினால், எட்டால் வகுத்துப் பாருங்கள், 625 மெகாபைட் காலி. வேகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே வேகம் வேண்டியிருக்கிறது.

6ஜிக்கும் 2023இல் அதே தொலைத்தொடர்பு ஒன்றியம் உத்தேச எண்கள் கொடுத்துவிட்டது. உச்சம் 200 ஜிகாபிட் வரை. ஆளுக்குக் கிடைப்பது 300 அல்லது 500 மெகாபிட். நம் பஸ் கணக்கில் டிக்கெட் ஏறக்குறைய விருதுநகருக்கு. இறங்குமிடம், அண்ணாச்சி, வடசேரிச் சந்தைப் பக்கம்தான்.