வழுக்கலியல்

எண்ணெயைப் பற்றி எழுதியோர் பலரும் சமையலோடும் தலையோடும் நின்றுவிட்டனர். காரின் பின் அச்சில் இருக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு எதை ஊற்றுவது என்று கேட்டால், பட்டறை ஆசிரியர்கள் "தொண்ணூறு போடுங்க சார், எல்லாத்துக்கும் அதான்" என்று ஒரே சூத்திரத்தில் முடித்துவிடுகிறார்கள். அது போதாமையின் இவ்வியல் எழுந்தது.

தட்டே கூம்பே பல்லே பாகென
நால்வகைப் படுமே வழுக்கடக்கு பெட்டி;
பெட்டி அறிந்தபின் எண்ணெய் அறிக.

இதன் பொருள்: ஒரு சக்கரம் சேற்றில் வீணே சுற்ற, மற்றது தேமே என்று நிற்கும் அவலத்தைத் தடுக்கப் பிறந்த பெட்டிகள் நால்வகை. எது என்று தெரியாமல் எண்ணெய்க் கடை ஏறுவது வீண் என்றவாறு.

முதலாவது தட்டு. 1956-இல் பேக்கார்ட் கார்களில் வந்தது இதுவே. கிளட்ச் தட்டுகள் அடுக்காக உரசி, ஓடும் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய்க்குத் தர்மசங்கடம் இங்கேதான். கிரவுனும் பினியனும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே சுமை தாங்கும் ஹைப்பாய்டு பற்கள். அவற்றுக்குக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் வேண்டும் (டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் கொடை). தட்டுகளின் கவலை வேறு. நிற்கும்போதுள்ள உராய்வு சறுக்கும்போதுள்ளதைவிட மிகுமானால் அவை ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று நடுக்கம் எழுவது இதனால். உடனே அச்சையே பிரிக்கச் சொல்வாரும் உளர். பெரும்பாலும் வேண்டியது ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்னும் சேர்மானமே. அமெரிக்க ஃபோர்டு, ஜிஎம் வண்டிகளுக்கு 4 அவுன்ஸ், அதாவது 118 மில்லி பாட்டிலில் கிடைக்கிறது. ஊற்றியபின் காலி மைதானத்தில் எட்டுப் போட்டு ஓட்டினால் தட்டுகளுக்கிடையே ஏறும். எண்ணெய் டப்பாவிலேயே 'எல்எஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் முன்பே கலந்தது. அதன்மேல் இன்னொரு பாட்டில் கவிழ்ப்பவர், காசு கொடுத்து வாங்கிய பிடிப்பைக் காசு கொடுத்தே கரைக்கிறார்.

கூம்பு, தட்டின் தம்பி. அண்ணனுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் ஒக்கும்.

மூன்றாவது பல். வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சன் இவ்வினத்தின் தலைமகன். திருகுப் பற்களின் உராய்வே இதன் பிடிப்பு என்பதால், சேர்மானம் ஊற்றினால் பிடிப்பு தளரும். வெறும் ஜிஎல்-5 போதும். பாகும் அப்படியே: அதன் சிலிகான் திரவம் சீல் வைத்த கூட்டுக்குள் கிடக்கிறது, நாம் ஊற்றுவது அதைத் தொடுவதே இல்லை.

ஒரு பெயர் வண்டிக்கு ஒரு பெட்டிதான் என்று மயங்கற்க. மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் 1.6 லிட்டருக்குப் பாகும், பின்வந்த 1.8 லிட்டருக்குப் பல்லும் கிடைத்தன. ஜாக்கி போட்டுப் பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றிப் பார்ப்பது பழைய சோதனை. மற்றது அதே திசையில் சுற்றினால் வழுக்கடக்கி, எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரணப் பெட்டி என்பர். டார்சன் இந்தத் தேர்வில் சாதாரணப் பெட்டிபோலவே எதிர்த்திசையில் சுற்றி, நல்ல பிள்ளையாகத் தோற்றுப்போகும்.

இனி எண்கள். கியர் ஆயிலின் 90, எஞ்சின் ஆயிலின் 40-க்கு இருமடங்கு கெட்டி என்று கொள்ளற்க. அளவுகோலே வேறு; இரண்டும் ஏறத்தாழ ஒரே பதம். 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரியிலும் எண்ணெய் நகரும் என்ற உறுதி. அலாஸ்காவில் அது அவசியம், ஊட்டியில்கூட ஆடம்பரம்.

புறனடை: வண்டியின் கையேடு வேறு சொன்னால் இவ்வியல் தள்ளத்தக்கது.

செய்முறையில் ஒன்றே ஒன்று. வடிக்கும் போல்ட்டைத் தொடுமுன் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கவும். துருவேறி அது அசையாவிட்டால், எண்ணெய் வடிந்த வண்டி இருந்த இடத்திலேயே கிடக்கும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் பூட்டலாம். பல்லின் சில்லு இருந்தால், எந்த எண்ணெயும் வாங்க வேண்டாம்.