கொல்லை உயிர்களின் தகுதி: தங்கவயலை முன்னிட்டு ஒரு சிற்றாராய்ச்சி

கோலார் தங்கவயலில் நுண்பொருள் ஆராய்ச்சிக்கு மரபு உண்டு. 1965ஆம் ஆண்டு, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பாறையை ஊடுருவி வரும் நியூட்ரினோவின் தடத்தை அறிஞர்கள் பதிவு செய்தனர். அவ்வூரின் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக் கொல்லையில், தரைமட்டத்தில், கத்தரிக் குருத்தை இரவில் கடித்தது எது என்னும் வினாவுக்கோ இன்றளவும் விடையில்லை.

கொல்லைக்கு வரும் உயிர்களை விருந்து, பகை என இரண்டாகப் பகுப்பர். இப்பகுப்பு போதாது என்பதற்குக் கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியே சான்று. அதன் புழு இளமையில் பறவை எச்சம்போல் தோன்றுவதால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்து பச்சை நிறம் பெற்று இலையை மொட்டையடிக்குங்கால் அது பகை. கூட்டுப்புழுவாகத் தொங்குங்கால் ஒன்றும் உண்ணாமையின் நொதுமல். சிறகு விரித்தபின் விருந்து. அதே வீட்டார் பிள்ளைகளை அழைத்துக் காட்டுவர். மருந்தடிக்கத் தக்கது இரண்டாம் நிலை. விருந்து வேண்டுவோர் அடிக்கத் தகாததும் அதுவே. புழுவுக்கென ஒரு கன்றும் ரசத்துக்கென ஒரு கன்றும் நடுவது முறை. எது எவருடையது என்பதைப் புழுவுக்கு உணர்த்தும் வழி மட்டும் இன்னும் வகுக்கப்படவில்லை.

ஆப்பிரிக்கப் பெருநத்தையை அயலான் என்று ஒதுக்குவோர் உளர். அது கொல்கத்தாவில் இறங்கியது 1847இல். சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்கு வந்தது 1880இல். நாட்டில் குடியேறிய மூப்பில் நத்தையே 33 ஆண்டு முந்தியது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் அமர்த்தி, எலியையும் காகத்தையும் ஐந்தாம் அட்டவணையில் தீங்குயிர்களாக நிறுத்தியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தீங்குயிர்ப் பட்டியலை நீக்கிற்று. எலியின் தகுதி உயர்ந்தது, நடத்தை உயரவில்லை. எலிக்கு மாற்று சாரைப்பாம்பு. பாம்புக்கு மாற்று மயில். மயிலுக்கு மாற்று, தக்காளி பயிரிடாமை.

பெருச்சாளி தனித்து ஆராயத்தக்கது. விலங்கியலார் அதை எலிக்குடும்பத்தில் வைப்பர். விளக்கில்லாமல் கொல்லைக்குப் போய் அதைக் கண்டவர் உடன்படார். எவ்வாறாயினும், தங்கவயலில் அதை அயலாகக் கருத இயலாது. தொழிலால் அது ஊரைச் சேர்ந்தது. இரவு ஷிப்டில் இறங்கும். கிளைகிளையாகச் சுரங்கம் வெட்டும். வெட்டிய மண்ணை வாயிலில் குவிக்கும். ஊருக்குச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு எவ்வாறோ, கொல்லைக்கு அக்குவியல் அவ்வாறு.

மனிதச் சுரங்கத்துக்கும் இதற்கும் வேற்றுமை மூன்று. ஆழத்தில், சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. பெருச்சாளி வளை முழக்கணக்கில் அடங்கும். விளைபொருளில், அங்கே பொன், இங்கே சேப்பங்கிழங்கு. மூன்றாவது காலம் பற்றியது. அரசுச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. கொல்லைச் சுரங்கத்தில் வேலை நடக்கிறது.