திண்ணைச் சேனாபதி

உலகத்தின் எந்த மூலையில் யுத்தம் மூண்டாலும், அதற்குரிய வியூகம் சம்பந்தப்பட்ட நாடுகளின் தலைநகரங்களில் வகுக்கப்படுவதாகச் சரித்திராசிரியர்கள் எழுதிவைத்திருப்பது சுத்தப் பிசகு. அது நம் ஊர்த் திண்ணையில், காலைப் பத்திரிகை வந்து விழுந்த அரைமணி நேரத்துக்குள், வெற்றிலைச் செல்லத்தின் சாட்சியாக வகுக்கப்பட்டுவிடுகிறது. அதை வகுக்கும் மகாபுருஷருக்கு எந்த அரசாங்கமும் இதுவரை ஒரு பதக்கமேனும் அளிக்காத காரணத்தால், திண்ணைச் சேனாபதி என்ற பட்டத்தை நானே அளித்திருக்கிறேன்.

இவர் துப்பாக்கியைக் கையால் தொட்டவர் அல்லர். தீபாவளியன்று பேரன் கொளுத்தும் லட்சுமி வெடிக்கே இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் பின்வாங்குகிறவர். ஆயினும், எந்த டாங்கியின் கவசம் எத்தனை அங்குல கனம், எந்தப் பீரங்கியின் குண்டு எத்தனை மைல் பாயும் என்பனவெல்லாம், தம் குழந்தைகளின் ஜன்ம நட்சத்திரங்களைக் காட்டிலும் திருத்தமாக அவருக்கு மனப்பாடம். செல்லத்திலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அவர் நடுவில் வைத்தால், அது ஸ்டாலின்கிராடில் நின்ற ஜெர்மானியரின் ஆறாவது சேனை. பாக்குவெட்டியின் இரு கரங்களும் வடமேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அதை நெருங்கினால், அது 1942 நவம்பரில் ருஷ்யர்கள் வளைத்த வளைப்பு. “ஓய், அந்தச் சேனையின் தளபதி பவுலஸ் அப்போதே மேற்கே உடைத்துக்கொண்டு வெளியேறியிருந்தால் சரித்திரமே வேறு, தெரியுமா?” என்று ஆவேசமாகக் கேட்டுவிட்டு, வெட்டுப்பட்ட ஆறாவது சேனையை வாயில் போட்டு நிதானமாக மெல்லத் தொடங்குவார்.

நெப்போலியன் 1812-இல் ருஷ்யாவில் நாசமானது ஆகாரத் தளவாடங்கள் போய்ச்சேரும் மார்க்கத்தைச் சரிவரக் கணிக்காததனால்தான் என்பது இவருடைய திடமான சித்தாந்தம். இச்சித்தாந்தத்தை அவர் விஸ்தரித்துக்கொண்டிருக்கும் போதுதான், ரேஷன் கடைக்குப் போக வேண்டியவர் இன்னும் போகவில்லை என்றும், வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரைகூட இல்லை என்றும் உள்ளேயிருந்து தகவல் வரும்.

இவரைப் பரிகசிப்பது எளிது. ஆனால், திண்ணையில் பிறக்கும் யுத்த யோசனை திண்ணையோடு போய்விடுகிறது. சிம்மாசனத்தில் பிறந்த யோசனைகள் செய்த கூத்தை அல்லவா பார்க்க வேண்டும்! ஸ்வீடன் மன்னரின் ஆசைக்கிணங்க, 64 பீரங்கிகளை இரண்டு அடுக்காகச் சுமந்து 1628 ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘வாசா’ என்னும் போர்க்கப்பல், ஒரு மைல்கூடப் போகாமல், சாதாரணக் காற்றுக்கே சாய்ந்து மூழ்கிற்று. முன்னதாக, மேல்தளத்தின் குறுக்கே முப்பது ஆட்களை ஓடவிட்டுப் பரீட்சித்தபோதே அது பயங்கரமாக ஆடியதைக் கண்டு, பொறுப்பாளர்கள் பரீட்சையை நிறுத்தினார்களே ஒழிய, பிரயாணத்தை நிறுத்தவில்லை; பிற்பாடு நடந்த விசாரணையில் ஒருவர்மீதும் குற்றம் ஸ்தாபிக்கப்படவும் இல்லை.

ஹிட்லரின் ஆசைக்கு எஞ்சினியர் போர்ஷே உருவம் கொடுத்த ‘மவுஸ்’ டாங்கியோ 188 டன் எடை. எந்தப் பாலமும் அதைத் தாங்காது என்ற சிறு சங்கடத்துக்கு அவர்கள் கண்ட பரிகாரம் என்னவென்றால், அது ஆற்றின் அடியிலேயே ஊர்ந்து போவது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கரையில் நிற்கும் இன்னொரு மவுஸ் கம்பி வழியாக அனுப்புவது. இவ்வளவும் முடியும் வரை அக்கரையிலுள்ள சத்துரு மரியாதையாகக் காத்திருப்பான் என்ற நம்பிக்கை, திண்ணைச் சேனாபதிக்குக்கூட வராது. இரண்டே மாதிரிகள் உருவாவதற்குள் யுத்தம் முடிந்துபோயிற்று.

திண்ணைகள் இடிபட்டுப்போன இக்காலத்தில், சேனாபதி தொலைக்காட்சிக்கு எதிரே சோபாவில் பாசறை அமைத்திருக்கிறார். சில ஆயிரம் டாலர் பெறுமான ட்ரோனை வீழ்த்தப் பல லட்சம் டாலர் ஏவுகணையை வீசினால் எந்தக் கஜானா தாங்கும் என்று அவர் கேட்கும் கேள்வி, உண்மையான கடற்படைத் தளபதிகளும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியே. அவருடைய சமரங்களில் இதுவரை ஒரு விதவையும் உண்டானதில்லை என்பதனால், அவர் ஞானத்துக்கு நான் தலைவணங்குகிறேன். இத்தகைய ஞானி பாராளுமன்றத் தேர்தலில் நிற்க வேண்டும் என்று அவரைத் தூண்டிவிடும் நண்பர்களைத்தான் தேசத்துரோகிகளாகக் கருதுகிறேன்.