பொன்னாடையின் சுற்றுப்பாதை: சேவைச் சங்கங்கள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

அரிமா (லயன்ஸ்) சங்கமும் ரோட்டரி சங்கமும் நடத்தும் கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், நீர்மோர் பந்தல், மரக்கன்று நடுதல் ஆகியவற்றை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் தவறாமல் பதிவு செய்கின்றன. ஆனால் அந்தச் செய்திகளின் நடுவே வந்துபோகும் ‘முன்னதாகப் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கப்பட்டார்’ என்ற வரி மட்டும் அறிஞர் கண்ணில் படவில்லை. கல்வெட்டையும் காசையும் பானை ஓட்டையும் விடாமல் ஆராய்ந்த தமிழுலகம், ஜரிகைக் கரை போட்ட இந்தத் துணியை விட்டுவைத்தது பெரும் குறை. அதைப் போக்க இக்கட்டுரை முனைகிறது.

எமது கருதுகோள் எளியது. பொன்னாடை நன்றிக்காகப் போர்த்தப்படுவதாக ஊர் நம்புகிறது. அது வசூலுக்காகப் போர்த்தப்படுகிறது என்பதை இங்கே நிறுவுவோம்.

2. வரலாறும் தட்பவெப்பமும்

வழக்கறிஞர் பால் ஹாரிஸ் 1905 பிப்ரவரி 23 அன்று ரோட்டரியைத் தொடங்கினார். காப்பீட்டுத் தொழிலில் இருந்த மெல்வின் ஜோன்ஸ் 1917இல் லயன்ஸ் சங்கங்களை ஒன்றுசேர்த்தார். இருவருக்கும் ஊர் சிகாகோ. அங்கே பிப்ரவரி மாதக் குளிரில் கூடியவர்களுக்கு ஒரு சால்வை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவர் தோளிலும் ஒருவர் போர்த்தியதாகச் சான்று இல்லை. ரோட்டரி 1929இல் சென்னைக்கு வந்து, பிறகு மாவட்டங்களுக்குப் பரவி, ஜூலை மாதப் புழுக்கத்தில் கோட்டு போட்டவர்கள் மேடையில் வேர்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் சால்வை வந்து சேர்ந்தது. தேவைக்கும் மரியாதைக்கும் தொடர்பில்லை என்பது இதனால் பெறப்படும் முதல் உண்மை.

ஏன் ஜூலை? இரு அமைப்புகளுக்கும் ஆண்டு பிறப்பது ஜூலை 1 அன்று. புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பதவியேற்கும் பருவம் அது. அதே மாதத்தின் நடுவில் ஆடி பிறந்துவிடுகிறது. முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். சமையல் மாஸ்டரும் சும்மாதான் இருப்பார். சிகாகோவின் நாட்காட்டியும் தமிழ்ப் பஞ்சாங்கமும் இவ்வளவு பொருத்தமாகக் கைகுலுக்கிய வேறு இடம் எமது ஆய்வில் அகப்படவில்லை.

3. மேடையின் அமைப்பு

பதவியேற்பு விழா மேடையில் அமர்வோர்: புதிய தலைவர், பதவி விட்டு இறங்கிய தலைவர், பட்டயத் தலைவர், முன்னாள் தலைவர்கள், மண்டலத் தலைவர், வட்டாரத் தலைவர், பதவிப் பிரமாணம் செய்துவைக்க வந்த முன்னாள் மாவட்ட ஆளுநர், சிறப்பு விருந்தினர். எதிரே அமர்வோர்: இவர்களின் குடும்பத்தார். ஆண்டுதோறும் தலைவர் மாறுகிறார். முன்னாள் தலைவர் எவரும் ஓய்வு பெறுவதில்லை. ஆகவே சங்கத்துக்கு வயது ஏற ஏற மேடை நீளும், அரங்கம் குறுகும்.

4. போர்த்துதலின் செயல்முறை

நெருங்கிப் பார்த்தால் போர்த்துதல் ஐந்து கட்டங்களாக நிகழ்கிறது. ஒன்று, அறிவிப்பாளர் பெயரைப் பட்டங்களோடு சொல்கிறார். இரண்டு, பாலிதீன் உறை பிரிக்கப்படுகிறது. அனுபவசாலிகள் உறையைக் கசக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். மூன்று, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, துணி தோளில் விழுகிறது. நான்கு, புகைப்படக்காரர் “ஒரு நிமிஷம் சார்” என்கிறார். எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள். அதற்குள் போர்த்தியவர்கள் பின்னால் மூவர் கூடியிருப்பார்கள். அவர்களுடைய ஒற்றை விரலாவது ஜரிகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஐந்து, பெற்றவர் நாற்காலிக்குத் திரும்பும் வழியிலேயே துணி தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, உட்காரும்போது நான்காக மடிந்து மடிக்கு வந்துவிடுகிறது. கடை மடிப்பு அப்படியே இருக்கும். அது கலைந்துபோன பொன்னாடைக்கு எதிர்காலம் கிடையாது.

5. சுற்றுப்பாதை

நியூ கினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியாண்டு தீவுகளில் கழுத்தணிகள் தீவுக்குத் தீவு வலமாகவும், சங்குக் கைவளைகள் இடமாகவும் சுற்றிவருவதை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். எந்த அணியும் ஒருவரிடம் நிலைத்துத் தங்காது. அது கைமாறக் கைமாற உறவு நீளும். ‘குலா’ எனப்படும் இவ்வழக்கத்தைக் காண அவர் அத்தனை கடல் தாண்டியிருக்க வேண்டாம். ஆடி மாதம் ஏதாவதொரு மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஓரத்தில் சந்தனக் கறை படிந்த மெரூன் நிறப் பொன்னாடை ஒன்றை யாம் பின்தொடர்ந்தோம். ஜூலையில் அது சிறப்பு விருந்தினர் தோளில் இருந்தது. செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மேல் விழுந்தது. அக்டோபரில் ரத்த வங்கி மருத்துவரைச் சேர்ந்தது. பொங்கல் குடும்ப விழாவில், தம்போலாவுக்கும் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில், சந்தனக் கறையுடன் கூட ஒரு குழம்புக் கறையையும் சேர்த்துக்கொண்டு, முதலில் அதை வாங்கிக்கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் தோளுக்கே திரும்பியது. அவர் விரல் நுனியால் துணியைத் தடவிப் பார்த்தார்; முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மடித்து வைத்துக்கொண்டார்.

நினைவுப் பரிசுக்கு இந்தப் பேறு இல்லை. அதில் பெயர் பொறித்திருக்கும். பெயர் ஏறிய பொருள் பரணுக்குப் போகும். பெயரில்லாத பொருளே ஊர் சுற்றும்.

6. பொருளியல்

ஏன் சுற்றுகிறது என்பதே ஆய்வின் மையக் கேள்வி. விடை, அரிசி ஆலை அதிபர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது கிடைத்தது. துணி தோளில் இருக்கிறது, எதிரே கேமரா. செயலாளர் காதருகே குனிந்தார்:

“அண்ணாச்சி, அடுத்த மாசம் கண் முகாம். சாப்பாடு மட்டும் உங்க பொறுப்பு.”

“அதுக்கென்ன, பண்ணிருவோம்.”

படம் எடுக்கப்பட்டது. மறுவினாடியே மைக்கில் அறிவிப்பு, கைதட்டல். போர்த்திய துணியோடு நின்று ‘முடியாது’ என்று சொன்ன மனிதர் எமது களத்தில் ஒருவர்கூட இல்லை. சில நூறு ரூபாய்த் துணி ஐந்தாறு தோள் ஏறினால் தையல் இயந்திரமும், சக்கர நாற்காலியும், பள்ளிக்குக் கழிப்பறையும் வந்து சேர்கின்றன.

மரியாதைக்கு மசியாதவர்களுக்கும் வழி உண்டு. லயன்ஸ் சங்கங்களில் டெயில் ட்விஸ்டர், அதாவது சிங்கத்தின் வாலை முறுக்குபவர், என்றொரு பதவி இருக்கிறது. பிறந்தநாள் கொண்டாடினாலும் அபராதம், கூட்டத்தில் செல்பேசி ஒலித்தாலும் அபராதம். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இருமுறைக்கு மேல் விதிக்கக் கூடாது. வந்திருப்போர் அனைவரும் ஒருமனதாக வாக்களித்தாலன்றி டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் போட முடியாது. வசூலான பணத்தை உடனே பொருளாளரிடம் கொடுத்துவிட வேண்டும். இவை வேடிக்கைக்கு யாம் புனைந்தவை அல்ல, சங்க விதிகளிலேயே உள்ளவை. இன்னும் மேலே போனால் 1,000 டாலர் நன்கொடைக்குப் பெயரோடு பட்டமே சேரும்: ரோட்டரியில் பால் ஹாரிஸ் ஃபெலோ, லயன்ஸில் மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குப் பின்னால் வரும் புரியாத எழுத்துகள் இவையே.

7. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கலாமே? அரசியல் மேடைகளில் மு.க. ஸ்டாலின் அப்படிக் கேட்டுக்கொண்டது அனைவரும் அறிந்தது. சேவைச் சங்கத்துக்கு அது ஒத்துவராது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘அன்புடன்’ என்று கையெழுத்தும் தேதியும் விழுந்துவிடும். பிறகு அது சுற்ற முடியாது. தோளிலும் நிற்காது. யாராவது படித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு கனமானது: இதெல்லாம் வெறும் விளம்பர ஆசைதானே? ஆம், ஆசைதான். அந்த ஆசை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பார்வையற்றோருக்காகத் துணை நிற்கக் கேட்டுக்கொண்டார். தமிழகத்தில் அந்தப் பணிக்கு மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்கள் கைகொடுத்தன. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்பதும், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு வரிசை நிறுத்துவதும் சங்கத்தார் வேலை. கண்புரை முற்றிய பாட்டியைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், இலவசமாக அறுவை செய்து லென்ஸ் வைத்துத் திருப்பி அனுப்புவது மருத்துவமனையின் வேலை. பந்தியில் சாம்பார் ஊற்றுவது அண்ணாச்சியின் பொன்னாடை.

ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பில் இறங்கியது. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நோய் தாக்கியது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ ஒழிந்ததாகச் சான்று வழங்கியது. அரசும் ஊழியர்களும் செய்த பெரும்பணியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் சொட்டு மருந்து முகாமுக்குப் பந்தல் போட்டவர்கள், முந்தைய இரவு ஆர்கெஸ்ட்ரா கேட்டுப் பிரியாணி சாப்பிட்ட அதே மனிதர்கள்தாம்.

8. முடிவும் பரிந்துரையும்

சங்கம் ஒவ்வொன்றும் பொன்னாடை இருப்புப் பதிவேடு பராமரிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது துவைக்க வேண்டும். நன்றியுரையை, சாப்பாட்டு வாசனை மண்டபத்துக்குள் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டும். சேவை செய்பவர்கள் பெருமைக்கு ஆசைப்படக் கூடாது என்போர், அத்தகையவர்களை மட்டும் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்துப் பார்க்கலாம். தடையேதும் இல்லை. கோரம்தான் சேராது.