அறுபது மில்லிக்கு ஓர் உரையாசிரியர்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பரை நாங்கள் எல்லோரும் ‘உரையாசிரியர்’ என்றுதான் சொல்வோம். எல்லோரும் என்றால் அவர் மனைவியும் சேர்த்தி. அவர் காதுபடச் சொல்வதில்லை. கோபித்துக்கொள்வார் என்பதால் அல்ல, அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான்.

2008இல் அவர் கேமராவுக்கு உரை செய்துகொண்டிருந்தார். பிறந்தநாள் கேக்கை வெட்டி, ஊட்டி, தட்டைக் கழுவி வைத்த பிறகும் அவர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். 2014இல் அரை மாரத்தான். ஓடியது 21 கிலோமீட்டர். அதைப் பற்றிப் பேசியது அடுத்த தீபாவளி வரைக்கும். 2020இல் ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது சவர்டோ ரொட்டி. மாவு புளிக்கும் அதிசயத்தை எங்களுக்கு வீடியோவில் வகுப்பெடுத்தார். அதே அடுக்களையில், அதே மேடையில், அவர் மனைவியின் இட்லி மாவு இருபது வருஷமாகச் சத்தமில்லாமல் புளித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

இப்போது ஒயின். திருமண நாளுக்கு இரண்டு நாள் நாபா பள்ளத்தாக்குக்குப் போனார்கள். திரும்பி வரும்போது கார் டிக்கியில் பன்னிரண்டு பாட்டில், வாயில் முந்நூறு சொல். பாட்டில்கள் என்றைக்கோ தீர்ந்துவிட்டன, சொற்கள் தீரவில்லை. “அரை மணி நேரத்தில் லிவர்மோர் இருக்கிறதே, 1883லிருந்து அங்கேயும் ஒயின் செய்கிறார்களே, அங்கே போகலாமே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். காசிக்குப் போகிறவனிடம் தெருமுனைப் பிள்ளையாரைக் காட்டிய மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் வீட்டு ஒயின்-சீஸ் ருசி பார்க்கும் விருந்துக்கு அழைப்பு வாட்ஸப்பில் வந்தது. மாலை ஐந்து மணி. சென்ட் அடித்துக்கொண்டு வரக்கூடாது. பெண்கள் மல்லிகைப்பூ வைக்கக்கூடாது. மதியம் காரக்குழம்பு கூடாது. காபி ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குக்கூட இவ்வளவு நிபந்தனை கிடையாது. தஞ்சாவூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமனாரையும் அழைத்துப் போனேன். மின்வாரியத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்க மாட்டார். “பாக்கறதுக்கு என்ன மாப்பிள்ள, காசா பணமா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

போனால் சாப்பாட்டு மேசை பரீட்சை ஹால் மாதிரி இருந்தது. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு வெள்ளைத் தாள். ஒவ்வொரு தாளிலும் நான்கு வட்டம், வட்டத்துக்கு ஒரு கிளாஸ். ஆக நாற்பத்தெட்டு கிளாஸ். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கண்ணாடி மங்கிவிடும், கையால்தான் கழுவ வேண்டும் என்றார் நண்பர். யார் கையால் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி ஒரு பார்வை பார்த்தார், அதில் தெரிந்தது.

மேசை நடுவில் ஒரு எவர்சில்வர் குவளை. ருசி பார்த்துவிட்டு அதில் துப்பிவிடலாமாம். மாமாவின் முகம் மலர்ந்தது. “அட, படிக்கம்! எங்க தாத்தா வெத்தலைக்கு வெச்சிருந்தார். பித்தளை.” அன்று முழுக்க அந்தப் படிக்கத்தில் ஒரு சொட்டு விழவில்லை. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதற்கு நம் ஆட்களுக்கு இன்னும் மனசு வரவில்லை.

கணக்கிலும் அவர் கெட்டிக்காரர். பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு 60 மில்லி வீதம் பன்னிரண்டு பேருக்கு 720. மிச்சம் 30 மில்லி உரையாசிரியருக்குக் கூலி.

முதல் கிளாஸ் சோவின்யோன் பிளாங்க், கூடவே ஆட்டுப்பால் சீஸ். இந்த அறுபது மில்லி மூலத்துக்கு உரை இருபது நிமிஷம் ஓடியது. பதவுரை: லேபிளில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள். பொழிப்புரை: அந்த வருஷத்து வெயில், மழை, மண். விசேடவுரை: 1976 மே 24ஆம் தேதி பாரிஸில் நடந்த போட்டி. பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்ததில், பிரெஞ்சு நடுவர்கள் தங்கள் ஊர்ச் சரக்கைக் கீழே தள்ளிவிட்டு, சிவப்பில் நாபாவின் ஸ்டாக்ஸ் லீப்பையும் வெள்ளையில் ஷாட்டோ மாண்டலீனாவையும் முதலிடத்தில் வைத்த கதை. பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொன்னார். அப்போது அவர் திருச்சியில் தொட்டிலில் இருந்தார்.

பிறகு எல்லோர் கையிலும் ஒரு வட்ட அட்டை வந்தது. டேவிஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1984இல் வகுத்த வாசனைச் சக்கரமாம். ஒயினில் என்னென்ன மணக்கலாம் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கிறது. அன்னாசி உண்டு, வாழைப்பழம் உண்டு, மண்ணெண்ணெய் உண்டு, நனைந்த அட்டைப்பெட்டிகூட உண்டு. பலாப்பழம் இல்லை, தாழம்பூ இல்லை.

“மோந்து பாருங்க. என்ன தெரியுது?”

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டதும் வரும் அந்த அமைதி. எல்லோரும் கிளாஸுக்குள் மூக்கை விட்டு ஒளிந்துகொண்டோம். ஒருவர் சுழற்றிய வேகத்தில் பாதி அவர் சட்டைக்கே போயிற்று. எந்தக் கிளாஸைக் கொடுத்தாலும் “ஸ்மூத்தா இருக்கு” என்று சொல்லும் நண்பர் ஒருவர் உண்டு. அவர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கூஸ்பெர்ரி! நம்ம நெல்லிக்காய்!” என்று விடையை அவரே அவிழ்த்தார். உடனே எல்லோருக்கும் நெல்லிக்காய் மணந்தது. ஒரு அம்மாவுக்கு உப்பில் ஊறிய நெல்லிக்காயே மணந்தது. ஆங்கிலேயன் சொல்லும் கூஸ்பெர்ரி வேறு செடி. நம் நெல்லிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு பேர் நாக்கும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மந்தையாக நடந்து போயின. எனதும் போயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும், ஆள் நேர்மையானவர். நல்ல உரையாசிரியருக்கு மாற்றுக் கருத்தை மறைக்கத் தெரியாது. “இதெல்லாம் சும்மா என்பாரும் உளர்” என்கிற தோரணையில் அவரே ஆரம்பித்தார். 2001இல் வெளியான ஒரு போர்டோ ஆய்வு. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வர்ணித்துத் தள்ளினார்கள். “அப்போ மூக்க விட கண்ணுதான் மோந்து பாக்குது!” என்று சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல், “சரி, அடுத்தது ஷார்டனே. வெண்ணெய் மணக்கும், பாருங்க” என்றார். மணந்தது.

ஷார்டனேக்கு ஜோடி பிரீ. அதை எடுத்து வைக்கும்போதுதான் மாமா வாயைத் திறந்தார். அதுவரை ஆரஞ்சு ஜூஸும் கையுமாக சோபா ஓரத்தில் இருந்தவர்.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா? பால் தயிராகணும்னா மோர் விட்டு உறைய வெப்போம். இதுக்கு என்ன உறை?”

அந்த வீட்டில் இதுவரை யாரும் அவரிடம் தானாக ஒரு கேள்வி கேட்டதில்லை. நண்பர் கண் பளபளத்தது. “சூப்பர் கேள்வி அங்கிள்!” என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி பதறி எட்டிப் பார்த்ததை நான் மட்டும் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

“ரென்னெட்னு ஒண்ணு அங்கிள். பால்குடி மாறாத கன்னுக்குட்டி இருக்கில்ல, அதோட நாலாவது வயித்துலருந்து எடுப்பாங்க. அதுல கைமோசின்னு ஒரு என்சைம்...”

பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ப்யூர் வெஜ். கேக்கில் முட்டை உண்டா என்று மூன்று தடவை விசாரித்துவிட்டு, பிறகும் பக்கத்தில் இருப்பவரைத் தின்ன விட்டுப் பார்த்துத் தின்கிறவர்கள். ஆட்டுப்பால் சீஸ் அவர்கள் வயிற்றுக்குள் ஏற்கனவே குடியேறிவிட்டது. பிரீ பாதி வழியில், தொண்டைக்கும் தட்டுக்கும் நடுவே, அந்தரத்தில் நின்றது.

“எடுக்கணும்னா... கன்னுக்குட்டிய?” என்றார் ஒருவர்.

“ஆமா, வெட்டித்தான்,” என்றார் உரையாசிரியர், ஐயம் தீர்ந்ததே என்ற மகிழ்ச்சியில். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். “சீஸ் மட்டும் இல்ல, ஒயினத் தெளிய வெக்கவும் சில பேர் முட்டை வெள்ளைக்கரு போடுவாங்க. மீனோட காத்துப்பை போடறதும் உண்டு. வடிகட்டும்போது அநேகமா எல்லாம் போயிடும்.”

மூலத்திலேயே இவ்வளவு இடைச்செருகலா என்று எல்லோரும் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தோம். படிக்கம் முதல் தடவையாகப் பிரயோசனப்படும் போலிருந்தது.

“ஏங்க, கொஞ்சம் இங்க வர்றீங்களா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலுக்கு உரை தேவைப்படவில்லை.

இரண்டு நிமிஷத்தில் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த சீஸ் உறைகளோடு திரும்பி வந்தார். மறுவிசாரணை தொடங்கியது. அமெரிக்க அரசு 1990லேயே நுண்ணுயிரை வைத்துத் தயாரிக்கும் கைமோசினுக்கு அனுமதி கொடுத்துவிட்டது, இந்த நாட்டுச் சீஸில் பெரும்பகுதி இன்று அதில்தான் உறைகிறது என்று முன்னுரை வாசித்தார். செடார் உறையில் ‘மைக்ரோபியல்’ என்று அச்சடித்திருந்தது: விடுதலை. ஆட்டுப்பால் சீஸும் அப்படியே: விடுதலை. பிரீயின் உறையில் வெறுமனே ‘என்சைம்’ என்று மட்டும் இருந்தது, யாருடையது என்று இல்லை. சந்தேகத்தின் பலன் அதற்குக் கிடைத்தது. மேசையில் முதலில் காலியானதும் அதுதான். பார்மிஜானோ ரெஜியானோவைக் காப்பாற்ற வழியில்லை. கன்றுக்குட்டி உறையில்தான் செய்ய வேண்டும் என்பது இத்தாலியில் அதற்கு விதி. அது கறி சாப்பிடும் நான்கு பேர் பக்கம் தள்ளப்பட்டது. அவர்கள் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகுதான் கேபர்னே சோவின்யோன் வந்தது. கருஞ்சிவப்பு. எல்லோரும் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தோம். ‘ஸ்மூத்’ நண்பர்கூடப் பேசாமல் இருந்தார்.

“இதுதான் டானின்,” என்றார் உரையாசிரியர். கொஞ்சம் அடிபட்டிருந்ததால் குரல் இறங்கியிருந்தது. “இது ருசின்னு சொல்ல முடியாது அங்கிள். ஒரு ஃபீல். நாக்கு காஞ்சு போகும். கன்னத்த உள்ள இழுக்கும். தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னே...”

“துவர்ப்பு,” என்றார் மாமா.

அறை கொஞ்சம் அசைந்தது.

“கொட்டைப்பாக்குல இருக்கே, வாழைப்பூல இருக்கே, அதான? வாழைப்பூவ நறுக்கினா மோர்லதான் போடுவோம். துவர்ப்ப அது வாங்கிக்கும். டீயில பால் விடறமே, அதும் அப்படித்தான். நீங்க மோருக்குப் பதிலா இந்தக் கட்டிய வெச்சிருக்கீங்க போல.”

நண்பர் கிளாஸும் கையுமாக அப்படியே நின்றார். அன்று மாலை அவர் பேசாமலிருந்தது அந்தச் சில விநாடிகள்தான். “கரெக்ட் அங்கிள்,” என்றார் பிறகு, மெதுவாக. டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் வாய் காய்கிறது. சீஸைக் கடித்தால் அதற்குப் பிடித்துக்கொள்ளப் பால் புரதம் கிடைத்துவிடுகிறது, நாக்கு தப்பிக்கிறது. அவர் அன்று சொன்னதிலேயே மிகச் சிறிய உரை அது.

எல்லோரும் செடாரில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தோம். “ஆமா, துவர்ப்பு போயிடுச்சு!” என்றார் உப்பு நெல்லிக்காய் அம்மா. சக்கரத்தை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மாசிக்காய் என்றார், ஒருவர் நாவல்பழக் கொட்டை என்றார், ஒருவர் அவர் பாட்டி மென்று கொடுத்த பாக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. உரையாசிரியருக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை. அவர் கூலி முப்பது மில்லியை வைத்துக்கொண்டு, மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாலாவது கிளாஸுக்கு நேரமில்லாமல் போயிற்று. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு கிளாஸையும் அவரே கழுவிக்கொண்டிருந்தார். தீர்ப்பு அடுக்களையில் வழங்கப்பட்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த விருந்து. மாமா ஊருக்குப் போய்விட்டார். ஆபீஸிலிருந்து புதிதாக ஆறு பேர் வந்திருந்தார்கள். கேபர்னே வந்ததும் நண்பர் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, “எங்க ஊர்ல வாழைப்பூவ நறுக்கினா மோர்லதான் போடுவாங்க. ஏன் தெரியுமா?” என்று ஆரம்பித்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் சீஸைப் பார்த்தேன். யார் சொன்னது என்று ஒரு வார்த்தை வரவில்லை. பழைய உரைக்காரர்கள் மாதிரிக் கடைசியில் ஒரு ‘என்ப’வாவது போட்டிருக்கலாம்.

அன்று ராத்திரியே தஞ்சாவூருக்குப் போன் போட்டேன். மாமா ரசித்துக் கேட்டார்.

“அது கெடக்கட்டும் மாப்பிள்ள. உறையப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“மூச்சு விடல மாமா.”

“அப்ப மனுஷன் தேறிட்டார்.”