மிஞ்சிய அரை ரோல்

சேலத்தில் புறப்பட்டு இராசிபுரம் வழியாக நாமக்கல் வரைக்கும் விரிந்து கிடக்கும் சமவெளியில், தறிச் சத்தம் ஓயாத தெருவானாலும் சரி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டியோசை காதைப் பிளக்கும் தெருவானாலும் சரி, ஒயர் கூடை பின்னுகிற அம்மாள் ஒருவர் இல்லாத தெரு அபூர்வம். கூலிக்கும் குடும்ப ஜீவனத்துக்கும் பின்னுகிறவர்கள் இந்தச் சித்திரத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர்; அவர்களுடைய பிரயாசை கேலிக்கு உரியதன்று. நான் குறிப்பிடுவது, பணம் சம்பாதிப்பதற்காக அல்லாமல் செலவழிப்பதற்காகவே பின்னுகிற பொழுதுபோக்குக்காரியை. யாரும் கேட்காத கூடையை, யாருக்கென்று தீர்மானிக்காமலேயே தொடங்கி, பாதி வேலையில் அதற்கு ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, அவர் மறுத்தாலும் விடாமல் தலையில் கட்டுகிற உத்தமியை.

பகல் சாப்பாடு முடிந்து பாத்திரமும் கழுவியாகிவிட்டால், அம்மாள் நிலைப்படிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். முழம் போட்டு வெட்டிய ஒயர்கள் மடியில் கிடக்கும். ஓர் ஒயரை மடக்கிப் பிடித்து, மற்றொன்றை அதன்மேல் வளைத்து, நுனியை மடிப்புக்குள் நுழைத்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுத்தால் சதுரமாய் ஒரு முடிச்சு விழும். இழுப்பில் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் கூடை பிறவியிலேயே ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஆகையால் அடி போடுகிறபோது அவர் வாய் எண்ணிக்கையை ஜபித்துக்கொண்டே இருக்கும். அந்த ஜபத்தின் நடுவே அடுப்பில் பால் பொங்கி வழியலாம், தபால்காரர் கூப்பிடலாம், சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து நிற்கலாம். "பதினேழு, பதினெட்டு, வாங்க, பத்தொன்பது, உக்காருங்க, இருபது" என்று உபசாரமும் கணக்கும் ஒன்றோடொன்று கலந்து போகுமே தவிர, கை நிற்காது. சம்பந்தியம்மாளே இருபத்தோராவதாக எண்ணப்பட்டதும் உண்டு என்று கேள்வி.

இந்தக் கலையின் பொருளாதாரம் தனி சாஸ்திரம். ஒரு ரோல் கூடை, ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை என்று, பிடிக்கிற ஒயர்ச் சுருளைக் கொண்டே கூடைகளுக்குப் பெயர் உண்டு. சந்தைக்குப் போக ஒன்றரை ரோல் கூடையே லட்சணம் என்பது அம்மாளின் சித்தாந்தம். கடைக்காரர் ரோலை அறுத்துத் தரமாட்டார். இரண்டு வாங்கினால் அரை ரோல் மிஞ்சும். மிஞ்சியதோடு புதிதாக ஒன்று சேர்த்தால் அடுத்த கூடை ஆயிற்றே என்று கணிதம் சொல்லும். ஆனால் மிஞ்சியது கிளிப்பச்சையாயும், மனத்தில் இருப்பது மாம்பழ மஞ்சளாயும் இருக்குமானால் கணிதம் என்ன செய்யும்?

"ஏனுங்க, இந்தப் பச்சைக்கு மஞ்சள் ஒத்துப் போகுமுங்களா?" என்று, பத்திரிகையில் ஆழ்ந்திருக்கும் கணவரைக் கேட்பார். தலையை நிமிர்த்தாமலே அவர் "போகும்" என்பார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க." "போகாது." "அதான் நானும் நெனச்சேனுங்க" என்று அம்மாள் பரம திருப்தியோடு மறுபடி இரண்டு ரோல் வாங்கி வருவார். இவ்வாறு அரை ரோல்கள் கட்டிலுக்கு அடியிலும், பரண்மேலும், அரிசி டின்னுக்குப் பின்னாலும் வம்ச விருத்தி அடைந்துகொண்டே வருகின்றன. கடனும் வட்டியும்கூட இவ்வளவு சீராக வளர்வதில்லை.

முடிந்த திருப்பணிகளை அந்த வீட்டில் காண இயலாது. அவை ஊரெங்கும் பரவியிருக்கின்றன. நெல்லிக்காய் முடிச்சு போட்டது மூத்த மகள் வீட்டில். பிஸ்கட் கூடை நாத்தனாரிடம். சிவன் கண் கூடை திருச்செங்கோட்டு மலைக்குத் தேங்காய் பழத்தோடு படியேறிக்கொண்டிருக்கிறது. ஒன்று மாம்பழக் காலத்தில் குண்டு மாம்பழங்களோடு சென்னைக்குப் போய், பழம் தீர்ந்த பிறகும் திரும்பாமல் அங்கேயே குடியேறிவிட்டது. வீட்டில் இருப்பவையெல்லாம் முடியாதவையே: தொலைக்காட்சித் தொடரின்போது பின்ன ஒன்று, பஸ் பிரயாணத்தில் பின்ன ஒன்று, மற்றும் கைப்பிடி போடாமல் கிடக்கிற பல. கைப்பிடி என்றால் அம்மாளுக்கு வைராக்கியம் தளர்ந்துவிடும். தொடங்குவதில் உள்ள ஆனந்தம் முடிப்பதில் இல்லை என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தவர்.

கம்பளி நூலும் ஒரு காலத்தில் அவரை ஆட்கொண்டது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே குளிரும். ஆனால் பேரன் பிறந்தது சேலத்தில், அதுவும் சித்திரை மாதத்தில். மலையின் குளிரை உத்தேசித்துப் பின்னிய குல்லாவை அடிவாரத்தின் அக்கினி நட்சத்திரத்தில் அணிந்துகொண்ட அந்தச் சிசு, தன் ஆட்சேபத்தைத் தெரு முழுவதும் கேட்கும்படி வெளியிட்டது. "எம் பேரனுக்குக் குரல் வளம்" என்று அம்மாள் பூரித்துப் போனார்.

இந்த மண்ணுக்கு இத்தகைய சிரத்தை புதிதன்று. 1925-இல் இராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, வறட்சியால் வாடிய கிராமங்களில் இராட்டினத்தைச் சுழலச் செய்தார். கை சும்மா இருக்கலாகாது என்ற அந்தக் கொள்கையை அம்மாள் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். அந்தக் கையால் விளைகிற பொருள் யாருக்கேனும் வேண்டுமா என்ற பிற்பகுதியை மட்டும் விட்டுவிட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்குத் தடை வந்தபோது, அரசாங்கமே தம் கூடைகளுக்கு வழிவிட்டதாகக் கொண்டு, இரண்டு ரோல் அதிகம் வாங்கினார். அந்த ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று எடுத்துச் சொல்லும் தைரியம் அந்தத் தெருவில் ஒருவருக்கும் இல்லை. அம்மாள் மட்டும் இன்றைக்கும் உழவர் சந்தைக்குக் கல்யாண வீட்டு மஞ்சள் பையைத்தான் கொண்டு போகிறார். கேட்டால், கூடை அழுக்காகிவிடுமாம்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாள் கூடை கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் விலை கொடுத்து வாங்கிய எந்தப் பையும் அத்தனை வருஷம் உழைக்காது. விலை என்ன என்று கேட்டுவிடாதீர்கள். அவர் மனம் புண்படும். மிஞ்சிய அரை ரோலுக்கு எந்தக் கலர் சேரும் என்று மட்டும் யோசனை சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த கூடையும் உங்களுக்குத்தான்.