வழக்குச் செலவு யார் தலையில்?

கேள்வி: விவாகரத்து வழக்கு நடத்தக் கையில் காசில்லாத மனைவி, அந்தச் செலவைக் கணவரிடமே கேட்க முடியுமா?

பதில்: முடியும். இந்து திருமணச் சட்டம், 1955-இன் 24-ஆவது பிரிவு இதற்கென்றே உள்ளது. போதிய வருமானமில்லாத தரப்புக்கு, வழக்கு முடியும்வரை மாதாமாதம் இடைக்கால ஜீவனாம்சமும், அதோடு வழக்குச் செலவும் மறுதரப்பு தரவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வருமானமில்லாத கணவருக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் இந்த மனுவைக் கூடியவரை முடிக்கவேண்டும் என்கிறது சட்டம். மாதங்கள் கரைவது அந்தக் 'கூடியவரை'யில்தான். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதுவரை காத்திருப்பதில்லை.

பெரிய சண்டை வருமானத்தைப் பற்றியது. வழக்கு வந்ததும் சம்பளம் இளைத்துவிடும், கடன் பெருத்துவிடும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். ஜீவனாம்சம் தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். இழுத்தடித்தால் நிலுவைதான் ஏறும்.

நகைக் கணக்கு வேறு. சீதனம் முழுக்கப் பெண்ணின் சொத்து. புகுந்த வீட்டு பீரோவில் இருப்பதால் அது கைமாறிவிடாது என்பதை 1985-இன் பிரதிபா ராணி தீர்ப்பு தெளிவாக்கியது.

வழக்கறிஞர் வைக்கவே வழியில்லையென்றால், சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கவேண்டும்.